மைக்கம்மா பேசாத இரண்டு வாரம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்த வங்கிக் கிளையில் எல்லாருக்கும் அவள் மைக்கம்மா. மேனேஜருக்கு, வாடிக்கையாளர்களுக்கு, வாசலில் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு, எல்லாருக்கும். மூன்றாம் நம்பர் ஜன்னலில் இருந்துகொண்டு "அடுத்தது யாருங்க?" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், வெளியே ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பவர்கூட "இதோ வந்துட்டேன்" என்பார்.

அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் நான்காவதாகப் பிறந்தவள். அந்த வீட்டில் மெதுவாகப் பேசியவர்களுக்கு இரண்டாவது தடவை சோறு விழாது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கி மக்கர் பண்ணியபோது, தலைமையாசிரியை அவளைத்தான் மைதானத்தின் நடுவில் நிறுத்தி முடிவுகளை அறிவிக்க வைத்தார். வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வில் அவள் சொன்ன பதில்கள், பக்கத்து அறையில் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் பயன்பட்டதாக ஒரு வதந்தி உண்டு. அதை அவள் மறுத்ததே இல்லை.

கணவர் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், "பேசறதுக்கு அங்கேயே சம்பளம் குடுத்துட்டாங்க, இங்க யாரு குடுப்பா?" என்பார். அவர் பங்கையும் சேர்த்து மைக்கம்மாவே பேசிவிடுவாள். காலையில் மகளைப் பார்த்து "பல்லு தேச்சியா?" என்று அவள் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பயந்துபோய்ப் பல் தேய்க்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கிளையைப் புதுப்பிக்கிறேன் என்று வந்தார்கள். அதோடு பிடித்தது சனி. ஜன்னல்களுக்குக் கூரை வரைக்கும் தடிமனான கண்ணாடி போட்டார்கள். பேசுவதற்கு என்று உள்ளங்கை அளவில் ஓர் ஓட்டை. அதை எந்தப் புண்ணியவான் அளந்தாரோ தெரியாது, உள்ளே உட்கார்ந்திருப்பவளின் நெற்றிக்கும் வெளியே நிற்பவரின் வயிற்றுக்கும் நேராக அமைந்துவிட்டது. வருகிறவர்கள் குனிந்து ஓட்டையில் வாயை வைத்துப் பேசுவார்கள். அப்புறம் தலையைத் திருப்பிக் காதை வைப்பார்கள். காதை வைத்த நேரத்தில் இவள் பேசி முடித்திருப்பாள், வாயை வைத்த நேரத்தில் இவள் மறுபடி ஆரம்பித்திருப்பாள். கண்ணாடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் மாட்டினார்கள். அது ஒரு வாரம் பேசியது, மறு வாரம் விசிலடித்தது, அதன் பிறகு அதில் மேனேஜரின் குடை தொங்குகிறது.

கண்ணாடி வந்த அதே வருஷத்தில் ஆட்களும் குறைந்தார்கள். ஜன்னல்களில் ஐந்து பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்த்தார்கள். ஓய்வு பெற்றுப் போனவரின் நாற்காலியில் ஃபைல்கள் உட்கார்ந்தன. மாற்றலாகிப் போனவரின் நாற்காலி கால் உடைந்து கிடங்கு அறைக்குப் போனது. வரிசை மட்டும் குறையவில்லை, வாசல் தாண்டி நின்றது. கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் வரிசையிலிருந்து ஒருவர் "எவ்வளவு நேரம்மா?" என்பார், மைக்கம்மா கண்ணாடியைத் தாண்டி "சர்வர் இல்லீங்க!" என்று கத்துவாள். கடைசியில் நின்றவருக்குக் கேட்டிருக்காது, அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இது பகல் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு கூத்து. மண்டல அலுவலகத்திலிருந்து போன் வரும். எல்லாக் கிளைகளும் ஒரே இணைப்பில் இருக்க, மண்டல அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை பாலிசி?" என்பார். காப்பீடு விற்க வேண்டும் என்பது மேலிட உத்தரவு. மைக்கம்மா பெரும்பாலும் "இல்ல சார்" என்பாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லப் பகல் முழுக்கக் கத்தியதைவிட அதிகம் கஷ்டப்படுவாள். கழுத்து பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அதெல்லாம் சத்தமாக மகள் தலையில் இறங்கும்.

நீண்ட விடுமுறை முடிந்த ஒரு திங்கட்கிழமை. வரிசை ரோட்டைத் தொட்டது. ஒருவர் செக்கை நீட்டினார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. மைக்கம்மா கத்திச் சொன்னாள். அவர் காதை வைத்தார். மறுபடி கத்தினாள். அவர் வாயை வைத்து, "என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்று எகிறினார். மூன்றாவது தடவை, "ஐயா, கையெழுத்து ஒத்து..." என்றவளுக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள். செருமினாள். எண்ணெய் காணாத கதவு திறந்ததைப் போல ஒரு கீச்சு வந்தது, அதுவும் நின்றது. தாம் கத்தியதில் இந்த அம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்த அந்த மனிதர், "மன்னிச்சுக்கம்மா, பொறுமையாவே பாரும்மா" என்று இரண்டு அடி பின்னால் போனார்.

தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். "பேங்க்கா, ஸ்கூலா?" என்று கேட்டார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினாள். "நினைச்சேன். இந்த ரெண்டு பேரும்தான் என் கிளினிக் வாடகையைக் கட்டறீங்க" என்று சிரித்துவிட்டு, திரையில் படத்தைக் காட்டினார். மண்வெட்டி பிடிக்கிறவன் கையில் காய்ப்பு விழுவது மாதிரி குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்ப்பு விழுந்திருந்தது.

"ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். கரைஞ்சா தப்பிச்சீங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய குரல் வருமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நடுவுல ஒரு தடவை கத்தினீங்கன்னாலும் அவ்வளவுதான்."

மைக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் பெரிய அழகு இல்லை, பெரிய படிப்பு இல்லை, பதவி உயர்வும் இல்லை. நாலு பேருக்கு நடுவில் அவள் என்று அடையாளம் தெரிந்தது இந்தக் குரலால்தான். இதுவும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அதைச் சொல்லி அழக்கூட முடியவில்லை.

மறுநாள் டாக்டர் சீட்டை மேனேஜரிடம் நீட்டினாள். அவர் நல்ல மனிதர். மேஜை டிராயரில் வயிற்றெரிச்சல் மருந்து ஒரு பாட்டில், ரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டை, தலைவலித் தைலம் ஒன்று வைத்துக்கொண்டு நிர்வாகம் பண்ணுகிறவர். சீட்டைப் படித்துவிட்டு, "தாராளமா லீவு எடுத்துக்கங்கம்மா. உடம்புதான் முக்கியம்" என்றார். சொல்லிவிட்டு ஃபைல்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். கை தன்னால் டிராயரைத் திறந்தது. மைக்கம்மா அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு தாளை எடுத்து, "வருகிறேன். பேச மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாள்.

இதைக் கேள்விப்பட்டுக் கணக்கு வாத்தியார் குதித்தார். "உனக்கு அறிவிருக்கா? பேங்க் என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா? நீ போகலேன்னா நாளைக்கு நாட்டுல பணமே ஓடாதா? தொண்டை போனா உன் மேனேஜர் தன் தொண்டையைக் கழட்டிக் குடுப்பாரா?" கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தொடர்ச்சியாகப் பேசியதில் அதுதான் நீளமானது. மைக்கம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆச்சரியமாகக் கேட்டாள். மகள், "அப்பா, நீங்க நல்லாப் பேசறீங்கப்பா" என்றாள். கோபம் அடங்கினதும் அவரே ஓர் அட்டையை வெட்டி, கரும்பலகை எழுத்தில் பொறுமையாக எழுதினார்: "தொண்டைக்குச் சிகிச்சை. பேசக் கூடாது. காது நன்றாகக் கேட்கும். தயவுசெய்து கத்த வேண்டாம்."

அட்டை மூன்றாம் நம்பர் ஜன்னலில் ஒட்டப்பட்டது. முதல் நாள் ஒரே ரகளை. அட்டையைப் படித்தவர்கள் கத்தத்தான் செய்தார்கள், கூடவே கையையும் ஆட்டினார்கள். ஒரு பெரியவர் பணம் எடுக்க வேண்டும் என்பதை நடித்தே காட்டினார். இடுப்பிலிருந்து பை எடுப்பது, எச்சில் தொட்டு எண்ணுவது, எண்ணி முடித்து ஒன்று குறைகிறது என்று முறைப்பது வரைக்கும். இன்னொருவர் வாய் நன்றாகப் பேசக்கூடியவர், சீட்டின் பின்பக்கம் "என் பாஸ்புக் தொலைந்துவிட்டது, என் மனைவிக்குத் தெரியாது" என்று எழுதி நீட்டினார். மைக்கம்மா சத்தம் வராமல் சிரித்ததில் விலா வலித்தது. "புதுசு தருகிறேன், நானும் சொல்ல மாட்டேன்" என்று எழுதிக் காட்டினாள்.

ஆனால் மூன்றாம் நாள், நாலாம் நாள் ஆக ஆக, யாரும் சொல்லாமலே ஒன்று நடந்தது. ஜன்னலுக்கு உள்ளே சத்தம் இல்லாததால் வெளியேயும் சத்தம் குறைந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டவர்கள் மாதிரி வரிசையில் நின்றவர்கள் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் போனில் கத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் ஜன்னல்காரர் பழக்கதோஷத்தில் "சர்வர் இல்லீங்க!" என்று கத்திவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக்கம்மாவுக்கு இருந்த கழுத்து வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆறு மணிப் போனில் அவள் முறை வந்தது. "மூணாவது சீட், இன்னைக்கு எத்தனை?" பதில் இல்லை. "ஹலோ, மூணாவது சீட்! மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க. மியூட்டை எடுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், போன் மியூட்ல இல்ல சார். மேடமேதான் மியூட்ல இருக்காங்க."

அத்தனை கிளைகளிலும் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மண்டல அதிகாரி மட்டும், "பேசாமலும் பாலிசி விக்கலாம். எழுதிக் காட்டி விக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை அது. வராதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும் என்று சுற்றறிக்கை வேறு. மனத்தை லேசாக வைத்துக்கொள்ளாவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டுகிற நிறுவனத்தை என்ன சொல்ல? பயிற்சி தர வந்தவர் எல்லாரையும் தரையில் உட்காரவைத்து, "மனசுல இருக்கிறதை எல்லாம் வாயைத் திறந்து கத்தி வெளிய தள்ளுங்க!" என்றார். எல்லாரும் கத்தினார்கள். மைக்கம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மேடம் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க" என்று பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். "போதும், நிறுத்துங்க" என்றதும் எல்லாரும் நிறுத்தினார்கள், மேனேஜரைத் தவிர. அவர் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தார். பயிற்சியாளர் தோளைத் தொட்டு உலுக்கிய பிறகுதான் நிறுத்தினார். "எவ்வளவு இருந்திருக்கு பாருங்க உள்ள" என்று தமக்குத் தாமே வியந்துகொண்டு தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது வாரம் முடிகிற தறுவாயில் அந்தச் சம்பவம் நடந்தது.

கிளையில் புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருத்தி உண்டு. எல்லாரும் சின்ன மேடம் என்பார்கள். ஹாலில், கண்ணாடிக்கு வெளியே, சோபாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு மேஜை. பாலிசி விற்பது அவள் பொறுப்பு. அன்று காலை தையல்கார அம்மா ஒருவர் வந்திருந்தார். முந்தின நாள் மூன்றாம் ஜன்னலில் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தை ஒரு வருஷம் டெபாசிட் போட வேண்டும், அடுத்த வருஷம் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனவர். இப்போது அவர் சின்ன மேடத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

முன்பெல்லாம் அந்த ஹாலின் இரைச்சலில் மேஜைப் பேச்சு எதுவும் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. இப்போது ஹால் அமைதியாக இருந்தது. வரிசையில் யாரும் இல்லாத ஒரு சின்ன இடைவெளியில், சின்ன மேடத்தின் குரல் ஓட்டை வழியாக மைக்கம்மாவின் காதில் விழுந்தது.

"டெபாசிட் மாதிரிதாம்மா. அதைவிட நல்லாவே வரும். வருஷா வருஷம் கட்டணும், அவ்வளவுதான்."

"அடுத்த வருஷம் எடுத்துக்கலாமில்ல?"

சின்ன மேடம் பதில் சொல்லாமல் போனைப் பார்த்தாள். "இங்க ஒரு கையெழுத்து. அப்புறம் இங்க" என்றாள்.

மைக்கம்மாவுக்கு அந்தப் பாலிசி தெரியும். பத்து வருஷம். நடுவில் எடுத்தால் போட்டதில் பாதிகூடத் தேறாது. எதிரே தையல்கார அம்மா பேனாவை எடுத்துவிட்டார். மைக்கம்மா மூச்சை இழுத்தாள். நெஞ்சு நிறைந்தது. "கையெழுத்துப் போடாதீங்க!" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் காட்டிய படம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு தடவை கத்தினாலும் அவ்வளவுதான் என்றாரே. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடியைத் தட்டினாள். அத்தனை தடிமனான கண்ணாடியில் அது யாருக்கும் கேட்கவில்லை. கையை ஆட்டினாள். தையல்கார அம்மா நிமிர்ந்து பார்த்து, பிரியமாகச் சிரித்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தார்.

மைக்கம்மா பண டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் அறையின் கதவை நோக்கி நடந்தாள். அந்தக் கதவை வேலை நேரத்தில் யாரும் திறந்ததே இல்லை. காலையில் உள்ளே போனால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் சுவிட்சை அணைத்த பிறகுதான் வெளியே வருவார்கள். நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். திறந்தாள்.

அலாரம் கட்டடமே அதிர அலறியது.

அவ்வளவுதான், வரிசையில் அப்போதுதான் வந்து நின்ற நாலு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் ஜன்னல்காரர் மேஜைக்கு அடியில் போனார். காவலாளி வீராவேசமாக எழுந்தார், துப்பாக்கி வார் நாற்காலிக் கையில் மாட்டி, நாற்காலியோடு சேர்ந்து இரண்டு சுற்றுச் சுற்றினார். மேனேஜர் தம் அறையிலிருந்து, யாரும் கேட்காமலே, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இத்தனைக்கும் நடுவில் மைக்கம்மா யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்துபோய், தையல்கார அம்மாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: "இது பத்து வருஷம். அடுத்த வருஷம் எடுத்தால் பெரிய நஷ்டம். கண் ஆபரேஷனுக்கு உதவாது."

அலாரம் தானாகவே அலறி ஓய்ந்த அமைதியில் தையல்கார அம்மா அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "இதைச் சொல்லவா கண்ணு இம்புட்டு அமர்க்களம்?" என்று மைக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கையைத் தூக்கிக்கொண்டே நின்ற மேனேஜர் மெல்ல இறக்கினார்.

சின்ன மேடம் கிடங்கு அறைக்குள் ஓடிப்போய் அழுதாள். மைக்கம்மா பின்னாலேயே போனாள். குரல் இருந்திருந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பாள். இல்லாததால், கால் உடைந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு அதில் ஜாக்கிரதையாக உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டாள்.

"அக்கா, ஏமாத்தணும்னு எனக்கென்ன ஆசையா? மாசம் ஆரம்பிச்சு ஒண்ணுகூட விக்கல. ஆறு மணி ஆனா எங்கயாவது ஓடிடலாம்னு இருக்கு. அத்தனை பேர் கேக்க என் பேரைச் சொல்லித் திட்டறாரு. நேத்து வீட்டுக்குப் போய் அம்மா சாப்பாடு போட்டா, தட்டைத் தள்ளிவிட்டேன். ஏன் தள்ளினேன்னு எனக்கே தெரியலக்கா. அந்தம்மா அடுத்த வருஷம் எடுக்கலாமான்னு கேட்டாங்க பாருங்க, அப்போ வாயைத் திறந்தா உண்மை வந்துடும்னுதான் போனைப் பார்த்தேன்."

மைக்கம்மாவுக்கு மனசு கனத்துப் போனது. இதே ஆறு மணி நம்மையும் வாட்டியிருக்கிறது, நாமும் வீட்டுக்குப் போய் மகள் மேல் கொட்டியிருக்கிறோம். இந்தப் பெண்ணின் பக்கத்தில் இத்தனை மாதம் இருந்தும் ஒரு நாளாவது கேட்டோமா என்று வெட்கமாக இருந்தது. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, முதுகைத் தடவிக் கொடுத்தாள். எழுதிக் காட்ட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, தேவையாகவும் இல்லை.

அன்று ஆறு மணிக்குப் போன் வந்தது. அலாரம் செய்தி மண்டல அலுவலகத்துக்குப் போயிருந்தது. "என்ன சார் நடக்குது உங்க கிளையில? பேசற ஊழியர் பேச மாட்டேங்கறாங்க, பேசக் கூடாத அலாரம் பேசுது. பாலிசி எத்தனை?"

மேனேஜர் டிராயரைத் திறந்தார். மாத்திரையைப் பார்த்தார். டிராயரை மூடினார். "ஒண்ணும் இல்ல சார். இன்னைக்குப் பூஜ்யம். ஜன்னல்ல அஞ்சு பேர் இருக்க வேண்டிய இடத்துல மூணு பேர்தான் இருக்காங்க, அதுல ஒருத்தருக்குத் தொண்டை போயிடுச்சு. ரெண்டு ஆளைக் குடுங்க சார், அப்புறம் எத்தனைன்னு கேளுங்க" என்றார். குரல் நடுங்கியது, ஆனால் முழுசாக வந்தது.

பிறகு எங்கேயோ ஒரு கிளையிலிருந்து, "எங்களுக்கும் ரெண்டு ஆள் வேணும் சார்" என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு கிளை, "இங்க ஒண்ணு குடுத்தாலே கும்பிடு போடுவோம்" என்றது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, மண்டல அதிகாரி "உங்க குரல் எல்லாம் விட்டு விட்டு வருது" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஆள் இன்றுவரை வரவில்லை. ஆனால் அன்று மேனேஜர் மாத்திரை போடாமலே, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை மைக்கம்மா வந்து பார்த்தால், ஓய்வு பெற்றவரின் நாற்காலியிலிருந்து ஃபைல்களை எல்லாம் இறக்கிவிட்டு, அதையும் ஒரு மேஜையையும் ஹாலில் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார் மேனேஜர். மேஜைக்குப் பக்கத்தில் வாடிக்கையாளருக்கு இன்னொரு நாற்காலி.

"பணம் குடுக்கல் வாங்கல் மட்டும் கண்ணாடிக்கு உள்ள நடக்கட்டும். பாஸ்புக், கையெழுத்து, விலாசம், சந்தேகம் எல்லாத்துக்கும் இங்க வரட்டும். நீங்க அந்தக் கதவைத் திறந்தா எனக்கு நெஞ்சு நின்னு போகுதும்மா. பேசாம நீங்க இந்தப் பக்கமே உக்காந்துடுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் வேலையில் பாதிக்கு மேல் பணத்தோடு சம்பந்தமில்லாதது. அதற்கு எதற்குக் கண்ணாடி? நாலு வருஷமாக அது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. இப்போது வருகிறவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் தங்கள் கதையைச் சொன்னார்கள். குனிய வேண்டியதில்லை, காதைத் திருப்ப வேண்டியதில்லை. அவள் எழுதிக் காட்டினாள், தலையாட்டினாள், சிரித்தாள். கையெழுத்துச் சண்டை போட்ட அந்த மனிதர்கூட வந்து உட்கார்ந்து, மூன்று தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்து, "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையேம்மா" என்று தானே ஒப்புக்கொண்டார்.

கெடு முடிந்த அன்று சாயங்காலம் டாக்டரிடம் தனியாகப் போனாள். கணக்கு வாத்தியாருக்குப் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. இரண்டு வாரமாக அவளுக்குப் பிரயோஜனம் இல்லாத கைப்பேசியை மகள் விளையாட எடுத்துக்கொண்டு, தனக்கே சொந்தம் என்று ஆக்கிவிட்டிருந்தாள். குழாய் உள்ளே போனது. மைக்கம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க" என்றார் டாக்டர். "கரைஞ்சிருக்கு. கத்தி வேணாம். எங்க, ஏதாவது பேசுங்க பார்ப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். முதல் வார்த்தையை டாக்டரிடம் செலவழிக்க அவளுக்கு மனசில்லை. வரவேற்பில் இருந்த போனைக் கை காட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பேசுங்க. ஆனா மெதுவா. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்ட பேசற மாதிரி" என்றார்.

தன் கைப்பேசி எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. மகள்தான் எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

மைக்கம்மா வாயைத் திறந்தாள். வருமா வராதா என்று ஒரு கணம் பயந்தாள். "நான்தான்மா" என்றாள். வந்துவிட்டது. உடையாமல், கரகரக்காமல், அவளுக்கே புதிதாக, தாழ்ந்த ஒரு குரல்.

"அம்மா வீட்ல இல்லீங்க. டாக்டர்கிட்ட போயிருக்காங்க."

"அம்மாதான்டி பேசறேன்."

"எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்களே."

"பின்ன எப்படிப் பேசுவாங்க?"

"சத்தம் போட்டுத்தான் பேசுவாங்க. காலையிலயும் போடுவாங்க, ராத்திரியும் போடுவாங்க. இப்ப கொஞ்ச நாளா பேசறதே இல்ல." மகளுக்கு அறிமுகம் இல்லாதவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் திருத்திக்கொண்டு சொன்னாள், "உங்க குரல் ரொம்ப நல்லா இருக்குங்க ஆன்ட்டி."

பேச அனுமதி கிடைத்த முதல் நிமிஷத்தில் மைக்கம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வரவேற்புப் பெண் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள், அதே குரலில்.